மகள் பயோமெடிக்கல் கேட்கிறாள்: ஒரு தாயின் கேள்விக்குப் பதில்

அம்மா, வணக்கம்.

பச்சிளங்குழந்தையின் மூளை ஸ்கேனைக் கம்ப்யூட்டரே பார்த்துப் பாதிப்பைச் சொல்வதெல்லாம் நிஜமா, அதற்கு மகளை பயோமெடிக்கல் இன்ஜினியரிங்கில் சேர்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். முதல் கேள்விக்குப் பதில், நிஜம்தான். இரண்டாவதற்குச் சுற்றித்தான் வரவேண்டும்.

தன் அக்காவின் குழந்தை குறைமாதத்தில் பிறந்து இன்குபேட்டரில் இருந்தபோது உங்கள் மகள் பார்த்தாளே, அந்த அல்ட்ராசவுண்ட் ஸ்கேனிலிருந்தே தொடங்குகிறேன். உச்சிக்குழியில் எலும்பு இன்னும் மூடியிருக்காது. அங்கே ஒலியலையை அனுப்பி வாங்கும் கைக்கருவியான புரோபை வைத்தால் குழந்தையை நகர்த்தாமலே மூளை தெரியும், கதிர்வீச்சும் கிடையாது. மூளைக்குள் நீர் நிறைந்த அறைகளில் ரத்தம் கசிந்திருந்தால் பெரும்பாலும் கண்ணுக்குப் பிடிபட்டுவிடும். கசிவு எவ்வளவு என்று சொல்ல 1978-இல் டாக்டர் பாபைல் குழுவினர் வகுத்த நான்கு நிலைகளை டாக்டர்கள் இன்றும் சொல்கிறார்கள்.

தொல்லை, அறைகளை ஒட்டிய வெண்பகுதி பாதிக்கப்படும்போதுதான். பின்னாளில் கைகால் இறுகிப்போகும் பெருமூளை வாதத்துக்கு அது முக்கியக் காரணம். முதல் சில நாட்களில் அந்த இடம் லேசாக வெளுத்துத் தெரியும், அவ்வளவுதான். நீர்க்கட்டிகள் தெரிய இரண்டு மூன்று வாரமாகும். நலமாக இருக்கும் குறைமாதக் குழந்தைக்கும் இந்த வெளுப்பு வரும் என்பதுதான் சிக்கல். அதனால் பக்கத்திலுள்ள கோராய்டு பிளெக்ஸஸ் (மூளைநீரைச் சுரக்கும் திசு) அளவுக்கு வெளுத்திருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். ஒருவருக்கு வெளுப்பாகப் படுவது இன்னொருவருக்குப் படாது. அந்த இடத்தில்தான் கம்ப்யூட்டர் வருகிறது. படத்தின் புள்ளிகள் எப்படிச் சிதறியிருக்கின்றன என்பதை எண்களாக்கி, ‘இங்கே இன்னொரு முறை பாருங்கள்’ என்று காட்டும். முடிவு டாக்டருடையது.

இப்போது ஒன்று கவனியுங்கள். மெஷினில் கெயினை, அதாவது திரும்பி வரும் சிக்னலைப் பெருக்கும் அளவை, கூட்டினால் படம் முழுக்க வெளுக்கும். கோடிங் மட்டும் கற்றவர் எழுதும் புரோகிராம் அதையும் நோய் என்று சொல்லிவிடும். ஏஐ கோர்ஸ் விளம்பரங்களைப் பார்த்து நான் எரிச்சல்படுவது இதனால்தான். ஒலியலை இயற்பியலும் சிக்னல் பிராசஸிங்கும் தெரிந்த ஆளுக்குத்தான் இங்கே வேலை.

சரி, எங்கே சேர்ப்பது? கிண்டியிலோ கோவை பிஎஸ்ஜியிலோ பயோமெடிக்கல் கிடைத்தால் யோசிக்காதீர்கள். கட் ஆஃப் அதற்கு எட்டாவிட்டால், லேப் சரியில்லாத கல்லூரியில் பயோமெடிக்கல் எடுப்பதைவிட நல்ல கல்லூரியில் இசிஇ எடுப்பது மேல் என்பேன். அப்புறம் எம்.டெக் சேர்க்கைக்கான கேட் (GATE) தேர்வில் 2020 முதல் பயோமெடிக்கலுக்கெனத் தனித் தாள் இருக்கிறது, எம்.டெக்கில் இந்தப் பக்கம் வந்துவிடலாம். சென்னை ஐஐடியில் மருத்துவ அறிவியலும் பொறியியலும் சேர்ந்த நான்காண்டு பிஎஸ் படிப்பும் உண்டு. அதற்கு ஜேஇஇ அல்ல, ஐசர் (IISER) என்ற மத்திய அறிவியல் கல்வி நிறுவனங்கள் நடத்தும் நுழைவுத் தேர்வு.

வேலை பற்றி மறைக்க விரும்பவில்லை. பி.இ. முடித்த பலருக்கு முதலில் கிடைப்பது ஆஸ்பத்திரிக் கருவிகளின் சர்வீஸ் அல்லது விற்பனைதான். ஆராய்ச்சி வேலைக்கு எம்.டெக்காவது வேண்டும். ஆறு வருடம் தாங்குமா என்று வீட்டில் இப்போதே பேசிவிடுங்கள்.

ஆசை நிஜமா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. எச்.சி.18 (HC18) என்று கருவின் தலைச் சுற்றளவை அளக்கும் ஸ்கேன் படத் தொகுப்பு இலவசமாகக் கிடைக்கிறது, மொத்தம் 1,334 படங்கள். லீவில் ஐம்பது படங்களை எடுத்து, தலையின் ஓரத்தை அவளே கையால் வரையட்டும். அடுத்த வாரம் அதே ஐம்பதை மறுபடி வரைந்து, இரண்டையும் ஒப்பிட்டு எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். சாய்ஸ் பட்டியலை அதற்குப் பிறகு உட்கார்ந்து போடலாம்.