'ரன்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ஏன் இத்தனை அர்த்தங்கள்? எப்படி நினைவில் வைத்துக்கொள்வது?

'ரன் என்றால் ஓடு என்றுதான் படித்தேன், ஆனால் பார்க்கும் இடத்திலெல்லாம் வேறு வேறு அர்த்தத்தில் வருகிறதே' என்று கேட்டிருக்கிறீர்கள். மனப்பாடம் செய்து மாளாது. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி இந்த வினைச்சொல்லுக்கு மட்டும் 645 பொருள்களைப் பிரித்துக் காட்டுகிறது. அந்தப் பகுதியைத் திருத்தி எழுத பீட்டர் கில்லிவர் என்ற அகராதி ஆசிரியருக்கு ஒன்பது மாதம் ஆனது.

இந்தச் சொல்லிடம் நான் நன்றாகவே அடி வாங்கியிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், கணினியில் பழைய பதிவுகளை அழிக்கும் ஒரு ஸ்கிரிப்ட், அதாவது சின்ன நிரல், எழுதி முடித்திருந்தேன். மேலாளரிடமிருந்து 'ரன் இட் பை மீ ஃபர்ஸ்ட்' என்று பதில் வந்தது. 'முதலில் இதை ரன் பண்ணு' என்று புரிந்துகொண்டு ஓட்டிவிட்டேன். அவர் சொன்னதோ 'முதலில் என்னிடம் காட்டு' என்று. பேக்கப் இருந்ததால் பதிவுகளை மீட்டுவிட்டோம். ஆனால் அந்த ஒரு மணி நேரப் பதற்றம் இன்னும் நினைவிருக்கிறது. நடுவில் இருந்த 'பை' என்ற சின்னச் சொல்லை நான் கவனிக்கவே இல்லை.

அதற்கு அப்புறம்தான் நம் 'ஓடு' என்ற சொல்லைத் திரும்பிப் பார்த்தேன். ஆறு ஓடுகிறது. கடிகாரம் ஓடவில்லை. படம் நூறு நாள் ஓடியது. மனதில் ஏதோ ஓடிக்கொண்டிருக்கிறது. எப்படியோ பிழைப்பு ஓடுகிறது. இவற்றில் எதற்காவது கால் இருக்கிறதா? தடைபடாமல் தொடர்ந்து போவதைத்தான் ஓடுவது என்கிறோம். ரன்னுக்கும் அடியில் இருப்பது இதே படம்தான். பழைய ஆங்கிலத்தில் இதன் மூலச்சொல்லுக்கு ஓடுதல், நீர் பாய்தல் என்று இரண்டு பொருளும் உண்டு. ஜெர்மன் மொழியில் இதன் உறவுச்சொல்லான 'ரின்னென்' இன்றைக்கும் நீர் வழிவதைத்தான் குறிக்கிறது. அதனால் ஆங்கிலத்தில் குழாய்த் தண்ணீரும் ரன் ஆகும், மூக்கும் ரன் ஆகும், துணியின் சாயமும் ரன் ஆகும். தமிழில் மூக்கு ஒழுகுகிறது, சாயம் போகிறது.

ஆக, பாதி உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். இரண்டு மொழியும் பிரியும் இடங்களில்தான் கவனம் வேண்டும், எனக்குப் பிடித்ததும் அந்த இடங்கள்தான். ஒருவர் கம்பெனியை 'ரன்' செய்கிறார் என்றால் நாம் நடத்துகிறார் என்போம். ஆங்கிலம் ஓட வைப்பதை நாம் நடக்க வைக்கிறோம்! தேர்தல் என்றால் அமெரிக்கர்கள் 'ரன்' செய்வார்கள், பிரிட்டிஷ்காரர்கள் 'ஸ்டேண்ட்' செய்வார்கள், நம் வேட்பாளரும் தேர்தலில் நிற்கத்தான் செய்கிறார். காய்ச்சல் அங்கே ரன் ஆகிறது, இங்கே அடிக்கிறது. குடும்பத்தில் வழிவழியாக இருக்கும் குணம் 'ரன்ஸ் இன் தி ஃபேமிலி', நமக்கு அது பரம்பரையாக வருகிறது.

கிரிக்கெட் ரன் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் பந்து தரையைத் தொட்டு எல்லைக்கோட்டைத் தாண்டிவிட்டால் யாரும் ஓடாமலே நான்கு ரன் கிடைத்துவிடுகிறது. ஓட்டத்தின் பெயர் எண்ணிக்கையின் பெயராகவே மாறிவிட்டது.

சரி, நடைமுறையில் என்ன செய்யலாம்? வாக்கியத்தில் ரன் வந்தால் இரண்டைப் பாருங்கள்: ஓடுவது எது, ரன்னுக்குப் பின்னால் என்ன ஒட்டிக்கொண்டிருக்கிறது. ரன்னை மட்டும் தனியாக எழுதிப் படிக்காதீர்கள், ஒட்டோடு சேர்த்து ஒரே சொல்லாக எழுதிக்கொள்ளுங்கள். 'ரன் அவுட் ஆஃப்' என்றால் கையில் இருந்தது தீர்ந்துபோவது. 'ரன் இன்டூ' என்றால் எதிர்பாராமல் ஒருவரைச் சந்திப்பது, ஒரு சிக்கலில் போய் மாட்டுவதும் அதுதான். 'ரன் த்ரூ' ஒருமுறை முழுக்கப் பார்த்துவிடுவது. 'ரன்னிங் லேட்' என்று ஒருவர் செய்தி அனுப்பினால் அவர் ஓடி வருகிறார் என்று அர்த்தமில்லை, தாமதமாகிறது என்கிறார், அவ்வளவுதான்.

கொஞ்சம் ஏமாற்றுவது 'ரன் ஓவர்'. கூட்டம் ரன் ஓவர் ஆனால் நேரம் தாண்டிவிட்டது. கணக்கை ரன் ஓவர் செய்தால் மேலோட்டமாக ஒருமுறை பார்க்கிறார்கள். ஆனால் ஒரு மனிதரை வண்டி ரன் ஓவர் செய்தது என்று வந்தால் அவர் மேல் வண்டி ஏறிவிட்டது. உடனே அவர் எப்படி இருக்கிறார் என்று விசாரியுங்கள்.