பிரசவம் பார்க்கப் படிப்பதானால் முதலில் பதிவைக் கேளுங்கள்

பிளஸ் டூவில் காமர்ஸ் எடுத்த மகள் பிரசவம் பார்க்கும் நர்ஸாக முடியுமா என்று தேவகோட்டையிலிருந்து கேட்டிருக்கிறீர்கள், அம்மா. தாராளமாக முடியும். ஏ.என்.எம். (துணை நர்ஸ், மருத்துவச்சிப் படிப்பு) 2 வருஷம், ஜி.என்.எம். (பொது நர்ஸ், மருத்துவச்சிப் படிப்பு) 3 வருஷம். இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி இரண்டுக்கும் எந்த குரூப்பும் போதும், ஜி.என்.எம்.முக்கு 40 சதவீத மதிப்பெண் வேண்டும். அரசு நர்சிங் பள்ளியில் சேர்வதானால் அந்த வருஷ விளக்கக் கையேட்டைத் தனியாகப் படியுங்கள், அறிவியல் குரூப் கேட்கலாம். பி.எஸ்சி. நர்சிங் உயிரியல் படித்தவர்களுக்குத்தான்.

நீங்கள் குறிப்பிட்ட நோட்டீஸில் இருக்கும் ‘ஓராண்டு நர்சிங் டிப்ளமோ’வுக்கு ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். நம் மாநிலத்தில் நர்ஸ், மருத்துவச்சி பதிவுக்கு 1926-லிருந்தே சட்டம் இருக்கிறது. அந்த டிப்ளமோவைத் தமிழ்நாடு நர்ஸ்கள் மற்றும் மருத்துவச்சிகள் கவுன்சில் பதிவு செய்யாது. பதிவு இல்லாமல் அரசு நர்ஸ் வேலைக்கு விண்ணப்பிக்கவும் முடியாது. எத்தனை பிள்ளைகள் படித்து முடித்த பிறகு இதைத் தெரிந்துகொண்டு அழுகிறார்கள்!

கல்லூரிக்கு அங்கீகாரம் உண்டா என்று பொதுவாகக் கேட்டால் ‘உண்டு’ என்பார்கள். ஆனால் அது பி.எஸ்சி.க்கு மட்டும் இருக்கலாம், ஏ.என்.எம்.முக்கு இல்லாமல் போகலாம். மகள் சேரும் படிப்பின் பெயர், சேரும் வருஷம் இரண்டையும் வைத்து, மாநில கவுன்சில் பட்டியலில் நீங்களே பாருங்கள். அடுத்து, பயிற்சிக்கு எந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள், அங்கே மாதம் எத்தனை சுகப்பிரசவம் என்று கேளுங்கள். பிரசவமே குறைவாக நடக்கும் இடத்தில் கேஸ் புக்கில் (பார்த்த பிரசவங்களைக் குறிக்கும் பயிற்சி நோட்டில்) கையெழுத்து விழும், கைக்குப் பழக்கம் வராது. குழந்தையின் தலை திரும்புவதையும் நஞ்சுக்கொடி பிரிவதையும் வார்டில் நின்றுதான் கற்க முடியும்.

ஜி.என்.எம். முடித்தவர் நர்ஸ், மருத்துவச்சி இரண்டாகவும் பதிவாவார். ஏ.என்.எம்.முக்குத் தனிப் பதிவு; கிராம சுகாதார செவிலியர் வேலைக்கு அது உதவும். சிங்கப்பூரில் உறவினர் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அங்கே நர்ஸுக்கும் மருத்துவச்சிக்கும் பதிவேடு வேறு வேறு, ஆகவே ஜி.என்.எம். தேர்ந்தெடுப்பதே நல்லது. இங்கே பதிவை 5 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அதற்கு வேண்டிய தொடர் கல்விச் சான்றுகளைப் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள். 2023-ல் நர்ஸ், மருத்துவச்சிகளுக்கான தேசிய ஆணையச் சட்டமும் வந்துவிட்டதால் அறிவிப்புகளைக் கவனித்து வாருங்கள்.

இன்னொன்று, பெயர். மார்க் ஷீட்டில் ‘மெ. அழகம்மை’, ஆதாரில் ‘அழகம்மை மெய்யப்பன்’ என்று இருந்தால் பதிவு நேரத்தில் விண்ணப்பம் திரும்பி வரலாம். சேர்க்கைக்கு முன்பே பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடி ஆதாரை ஓரெழுத்து பிசகாமல் திருத்திவிடுங்கள்.