அடுப்பு பிரிந்தாலும் பாத்திரம் குறையாத வீடு: கட்டற்ற மென்பொருள் பற்றிய கேள்வி பதில்

கோத்தகிரியில் மாதந்தோறும் கூடும் எங்கள் வாசகர் வட்டத்தில் உறுப்பினர்கள் தாளில் எழுதித் தந்த கேள்விகளுக்கு, நெடுநாளாக மென்பொருள் தமிழாக்கத்தில் ஈடுபட்டிருக்கும் உறுப்பினர் ஒருவர் எழுதிய பதில்கள் இவை. கட்டற்ற மென்பொருள் என்பது, தன் மூலநிரலை, அதாவது நிரலாளர் எழுதிய கட்டளைகளை, எவரும் படிக்கவும் மாற்றவும் பகிரவும் உரிமை தரும் மென்பொருள்.

ஒரு கவிதைக்கு ஒரு கவிஞர் இருக்கிறார். நூறு பேர் கைவைத்த மென்பொருளில் படைப்பு என்று எதைச் சொல்வது? (கல்லூரி மாணவி, உதகை)

தாலாட்டை நினைத்துப் பாருங்கள். அதற்கு ஆசிரியர் பெயர் கிடையாது. ஆனால் பாடுகிற ஒவ்வொரு தாயும் தன் அண்ணன் பெயரையும் தன் ஊர்க் குளத்தையும் சேர்த்துத்தான் பாடுகிறாள், அதற்காக எவரிடமும் அனுமதி கேட்பதில்லை. நீங்கள் சுவரொட்டி வரையப் பயன்படுத்தும் இங்க்ஸ்கேப்பின் கதையும் ஏறக்குறைய அதுதான். கில் என்ற சிறிய நிரலிலிருந்து 1999-இல் சோடிபோடி என்ற வரைகலை நிரல் பிறந்தது; அது செல்லவேண்டிய திசையில் கருத்து வேறுபட்ட நால்வர், 2003-இல் அதே மூலநிரலை எடுத்துக்கொண்டு தனியே பிரிந்து இங்க்ஸ்கேப்பைத் தொடங்கினார்கள். நம் வீடுகளில் அடுப்பு பிரிந்தால் பாத்திரங்களும் பாதியாகும். இங்கே இரு வீட்டாருக்கும் எல்லாப் பாத்திரங்களும் முழுமையாகக் கிடைக்கின்றன. இதற்கு இடமளிப்பது ரிச்சர்ட் ஸ்டால்மன் 1989-இல் வெளியிட்ட ஜிபிஎல் உரிமம்: மாற்றலாம், பகிரலாம், ஆனால் மாற்றியதைப் பகிரும்போது பெறுபவருக்கும் அதே உரிமையைத் தந்தாக வேண்டும். பிறர் எழுதியதைக் கூர்ந்து படித்து, எந்த இடத்தில் கைவைத்தால் அது மேலும் வளரும் என்று கண்டுகொள்வதையே நான் பெரிய படைப்புத் திறனாக எண்ணுகிறேன்.

எனக்கு நிரல் எழுதத் தெரியாது. நான் என்ன செய்ய முடியும்? (ஓய்வுபெற்ற தமிழாசிரியை, கோத்தகிரி)

அம்மா, மென்பொருளைத் தமிழாக்குவதில் உங்களுக்குத்தான் அதிக வேலை இருக்கிறது. திரையில் தோன்றும் சொற்றொடர்கள் அனைத்தும் தனிக் கோப்பில் வரிசையாக இருக்கும். ஆங்கில வரியின் கீழே தமிழ் வரியை எழுத வேண்டும். கேட்பதற்கு எளிது. ஆனால் எதையேனும் நீக்குவதற்கு முன் கணினி கேட்கும் கேள்வியில், கோப்பின் பெயர் வரவேண்டிய இடத்தில் ஓர் இடக்குறி மட்டுமே இருக்கும்; பெயர் பின்னர்தான் வந்து அமரும். ஆங்கிலத்தில் எந்தப் பெயர் வந்தாலும் வாக்கியம் மாறாது. தமிழில் வேற்றுமை உருபு பெயரோடு புணர்ந்தாக வேண்டும்: கடிதம் 'கடிதத்தை' ஆகும், கணக்கு 'கணக்கை' ஆகும். இடக்குறியை அடுத்து வெறும் 'ஐ' என்று எழுதிவிட்டால் 'கடிதம்ஐ நீக்கவா?' என்று திரையில் வந்து நிற்கும். தொடக்கத்தில் நானே அப்படி எழுதிச் சிரிப்புக்கு ஆளானேன். மூத்தவர் ஒருவர் வழி காட்டினார்: "'கடிதம்' என்னும் கோப்பை நீக்கவா?" உருபைக் 'கோப்பு' தாங்கிக்கொள்ளும், பெயர் சிதையாமல் நிற்கும். புணர்ச்சி விதிகளைப் பல ஆண்டுகள் கற்பித்தவருக்கு இத்தகைய இடங்கள் உடனே கண்ணில் படும்.

படுக மொழியிலும் அவ்வாறு செய்யலாமா? (அதே கூட்டத்தில் ஓர் இளைஞர்)

செய்யலாம். பன்னாட்டு மொழிக் குறியீடுகளில் படுக மொழிக்கு ஏற்கெனவே இடம் உண்டு. நாவை மடித்து ஒலிக்கும் உயிரொலிகளைத் தமிழ் எழுத்தில் எப்படிக் காட்டுவது என்பதை மட்டும் முதலில் உங்கள் ஹட்டிகளில், அதாவது படுகர் ஊர்களில், கூடிப் பேசி முடிவு செய்யுங்கள். அதை நிரலாளர் தீர்த்துத் தர முடியாது.

யார் வேண்டுமானாலும் மாற்றலாம் என்றால் எப்படி நம்புவது? (சிறு தேயிலை விவசாயி, குன்னூர்)

மாற்றத்தை யாரும் எழுதி அனுப்பலாம். ஏற்பதும் மறுப்பதும் பராமரிப்பாளரின் பொறுப்பு. அந்தப் பராமரிப்பாளர் தனி ஆளாய்க் களைத்துப்போனால் ஆபத்துதான். கோப்புகளின் அளவைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற நிரலில் ஒருவர் ஈராண்டுக்கு மேல் ஒழுங்காக உழைத்து நம்பிக்கையைப் பெற்று, 2024-இல் இரகசியக் கதவு ஒன்றைப் புகுத்திவிட்டார். தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாவது ஏன் என்று ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்ற நிரலாளர் தோண்டிப் பார்த்ததால் அது பிடிபட்டது. மூலநிரல் பூட்டியிருந்தால் அவரால் அவ்வளவு ஆழம் போயிருக்க முடியாது. ஆகவே, நீங்கள் பயன்படுத்தும் நிரலைக் காப்பவருக்குத் துணை இருக்கிறதா என்று பாருங்கள்.

இதில் வருமானம் உண்டா? (பெயர் எழுதாதவர்)

பலருக்கு உண்டு, லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளத்தின் கருநிரலில் பெரும்பகுதியை நிறுவனங்களில் சம்பளம் வாங்குபவர்களே எழுதுகிறார்கள். முப்பரிமாணப் படங்கள் உருவாக்கும் பிளெண்டர் என்ற நிரலை, அதை வைத்திருந்த நிறுவனத்திடமிருந்து 2002-இல் மக்களே ஏழு வாரங்களில் ஒரு லட்சம் யூரோ திரட்டி மீட்டார்கள். சம்பளமின்றி உழைப்பவர்களும் ஏராளம், அதை மறைப்பதற்கில்லை.

தோடர் பூத்தையல் வடிவங்களை இங்க்ஸ்கேப்பில் வரைந்து எல்லோருக்கும் இலவசமாக வெளியிடலாமா? (வடிவமைப்பு மாணவர், உதகை)

வரையும் கருவி இருக்கிறது. இங்க்ஸ்டிட்ச் என்ற இணைப்பு நிரல் கோடுகளைத் தையல் எந்திரத்துக்கான கட்டளையாக மாற்றியும் தரும். ஆனால் வெள்ளைத் துணியின் இழைகளை எண்ணி எண்ணிச் சிவப்பும் கறுப்புமாக இடப்படும் அந்தத் தையல், 2013-இல் புவிசார் குறியீடு பெற்றது. அதைப் போடும் பெண்களின் பிழைப்பும் அதில் இருக்கிறது. தன் படைப்பைத் திறந்து வைக்கும் உரிமை படைத்தவருக்கே உரியது. தோடர் குடியிருப்புகளான மந்துகளுக்குச் சென்று அந்தப் பெண்களிடம் கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

மழைக்காலத்தில் மரம் விழுந்தால் எங்கள் ஊரில் இரண்டு நாள் இணையம் இருப்பதில்லை. கூட்டு வேலை எப்படிச் சாத்தியம்? (குந்தா வாசகர்)

அதற்காகவே அமைந்ததுபோல் இருக்கிறது லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் எழுதிய கிட் என்ற நிரல்; கோப்புகளில் செய்யப்படும் ஒவ்வொரு மாற்றத்தையும் அது பதிந்து வைக்கும். திட்டத்தின் முழு வரலாறும் உங்கள் கணினியிலேயே இருப்பதால், இணையம் இல்லாமலே திருத்தலாம், பதிவு செய்யலாம், பழையதோடு ஒப்பிடலாம்; தொடர்பு திரும்பியதும் மொத்தமாக அனுப்பிவிடலாம். மின்சாரம் போனால் கிட் நிரலும் கைவிரித்துவிடும். மழைக்கு முன்பே மடிக்கணினிக்குச் சார்ஜ் ஏற்றி வையுங்கள்.