பிரதமருக்கு நாம் ஓட்டுப் போடுவதில்லையே, பிறகு யார் தேர்ந்தெடுக்கிறார்கள்?

கேள்வி: நான் சமூக அறிவியல் ஆசிரியை. "எங்க வீட்டுல யாருமே பிரதமருக்கு ஓட்டுப் போடலையே, அவரை யார் டீச்சர் தேர்ந்தெடுத்தாங்க?" என்று ஒரு மாணவி கேட்டாள். குடியரசுத் தலைவர் நியமிக்கிறார் என்றேன். "அப்போ அவருக்குப் பிடிச்சவரை நியமிக்கலாமா?" என்று திருப்பிக் கேட்டாள். இதை எப்படி விளக்குவது?

பதில்: பெரியவர்களே பலர் கேட்காமல் விட்டுவிடும் கேள்வி இது. அந்தப் பெண்ணை அவசியம் பாராட்டுங்கள்.

அரசியலமைப்பின் 75-வது பிரிவு, பிரதமரைக் குடியரசுத் தலைவர் நியமிப்பார் என்கிறது. யாரை, எப்படி என்று ஒரு வார்த்தையும் இல்லை. ஆனால் அதே பிரிவில் இன்னொரு வரி உண்டு: அமைச்சரவை மக்களவைக்குக் கூட்டாகப் பொறுப்பு. இந்த இரண்டு வரிகளையும் சேர்த்துப் படிக்கச் சொல்லுங்கள். மக்களவையின் ஆதரவு இல்லாத ஒருவரை நியமித்தால், நம்பிக்கை வாக்கெடுப்பில் அவர் விழுந்துவிடுவார். ஆகவே, "பிடித்தவர்" என்ற பேச்சுக்கே இடமில்லை.

மக்களவையில் மொத்தம் 543 இடங்கள், பெரும்பான்மைக்கு 272. ஒரு கட்சியோ கூட்டணியோ அதை எட்டிவிட்டால், அவர்கள் தேர்ந்தெடுத்த தலைவரை அழைப்பதைத் தவிரக் குடியரசுத் தலைவருக்கு வேறு வேலை இல்லை. யாருக்கும் பெரும்பான்மை கிடைக்காதபோதுதான் அவருடைய முடிவுக்கு எடை கூடுகிறது. 1989-ல் ஆர்.வெங்கட்ராமன் தனிப்பெரும் கட்சியான காங்கிரஸின் தலைவர் ராஜீவ் காந்தியை முதலில் அழைத்தார். அவர் மறுத்துவிடவே, வி.பி.சிங் பிரதமரானார். 1996-ல் சங்கர் தயாள் சர்மாவும் தனிப்பெரும் கட்சி என்பதால் வாஜ்பாயை அழைத்தார். 272 சேரவில்லை, 13 நாளில் அவர் ராஜினாமா செய்தார். அந்த அனுபவத்துக்குப் பிறகு, 1998-ல் கே.ஆர்.நாராயணன் ஆதரவுக் கடிதங்களைக் கேட்டு வாங்கிப் பார்த்த பிறகே வாஜ்பாயை நியமித்தார். இதுதான் முறையானது என்பது என் கருத்து. யாரிடம் எண்ணிக்கை இருக்கிறது என்பது காகிதத்தில் தெரிந்துவிட்டால், ஊகத்துக்கு வேலை குறையும்.

ஆனாலும் கடிதம் கடைசித் தீர்ப்பு ஆகிவிடாது. அதே வாஜ்பாய் அரசு 1999 ஏப்ரல் 17 அன்று 269-க்கு 270 என்று ஒரே ஓட்டில் கவிழ்ந்தது. அந்த 270 பேரும் ஏதோ ஒரு தொகுதிக்காரர்கள் ஓட்டுப் போட்டு அனுப்பியவர்கள்தான். உங்கள் மாணவியின் வீட்டு ஓட்டு பிரதமரைத் தொடுவது இந்த வழியில்தான். இதை அவளுக்கு நிதானமாகச் சொல்லுங்கள்.

பிரதமரின் அதிகாரத்தையும் இதோடு சேர்த்துச் சொல்லிவிடலாம். மற்ற அமைச்சர்கள் அவருடைய பரிந்துரையில்தான் நியமிக்கப்படுகிறார்கள். அவர் பதவி விலகினால் மொத்த அமைச்சரவையும் போய்விடும்.

சரி, அடுத்து அவள் "எம்.பி. இல்லாதவர் பிரதமர் ஆகலாமா?" என்று கேட்கக்கூடும். ஆகலாம், ஆனால் ஆறு மாதத்துக்குள் மக்களவை, மாநிலங்களவை இரண்டில் ஒன்றில் உறுப்பினராகிவிட வேண்டும். 1991-ல் நரசிம்ம ராவ் பதவியேற்றபோது எம்.பி. இல்லை, நந்தியால் இடைத்தேர்தலில் வென்று வந்தார். 1996-ல் தேவகவுடா கர்நாடக முதல்வராக இருந்து நேராகப் பிரதமர் ஆனவர். பிறகுதான் மாநிலங்களவைக்குத் தேர்வானார்.