மந்தைக்குப் பின்னால் ஓடிய மலை மன்னன்: ஜாஸ் நெய்லர் பற்றி வாசகர் கேள்விகள்

இங்கிலாந்தின் மலை ஓட்ட வீரர் ஜாஸ் நெய்லர் பற்றிச் சென்ற இதழில் வந்த குறிப்பைப் படித்துப் பலர் கேட்டிருந்தார்கள். அவற்றில் சில.

கே: நெய்லர் எத்தனை முறை உலக சாம்பியன்? (வாசகர், திண்டுக்கல்)

ஒரு முறைகூட இல்லை. மலை ஓட்டத்துக்கான உலகக் கோப்பை இத்தாலியில் முதன்முதலாக நடந்தது 1985இல். அப்போது அவருக்கு வயது 49. அவரை அளக்க வேறு படிக்கல் வேண்டும்.

இங்கிலாந்தின் வடமேற்கில் உள்ள லேக் டிஸ்ட்ரிக்ட் மலைகளை ஊர்க்காரர்கள் 'ஃபெல்' என்பார்கள். மரம் குறைவு. புல்லும் பாறையும் முழங்கால் புதையும் சேறுமாகக் கிடக்கும் மேய்ச்சல் மலைகள். இங்கிலாந்திலேயே உயரமான ஸ்காஃபெல் பைக்கின் உயரமே 978 மீட்டர்தான். நம் ஊர் மலைகளைப் பார்த்தவர்களுக்கு இது சிரிப்பாக இருக்கலாம். ஆனால் உச்சியிலிருந்து அடிவாரம், அங்கிருந்து அடுத்த உச்சி என்று நாள் முழுக்க ஏறி இறங்கினால்தான் அதன் குணம் தெரியும். அந்த மலைகளின் அடியில் இருக்கும் வாஸ்டேல் பள்ளத்தாக்கில் 1936 பிப்ரவரி 10 அன்று பிறந்து, அங்கேயே ஹெர்ட்விக் இன ஆடுகளை வளர்த்து வாழ்ந்தவர் நெய்லர். 2024 ஜூன் 28 அன்று 88 வயதில் காலமானார்.

கே: ஒரே நாளில் 72 சிகரங்கள் என்று போட்டிருந்தீர்கள். அச்சுப்பிழையா?

பிழையில்லை. இந்தக் கணக்கு 1932இல் தொடங்குகிறது. கெஸ்விக் ஊரில் விடுதி நடத்திய பாப் கிரஹாம் 42 சிகரங்களைத் தொட்டு 24 மணி நேரத்துக்குள் புறப்பட்ட இடத்துக்கே திரும்பினார். அதே 24 மணிக்குள் எத்தனை சிகரங்களைக் கூட்ட முடியும் என்பதே பின்னால் வந்தவர்களின் போட்டி. 1965இல் ஆலன் ஹீட்டன் 60 தொட்டார். நெய்லர் 1971இல் 61, அடுத்த ஆண்டு 63, 1975இல் 72 என்று ஏற்றிக்கொண்டே போனார். அந்த 72க்கு எடுத்த நேரம் 23 மணி 20 நிமிடம். வகுத்துப் பார்த்தால் சிகரத்துக்கு 20 நிமிடம்கூட இல்லை! தூரம் 100 மைலுக்கு மேல். ஏறிய மொத்த உயரம் 11,000 மீட்டருக்கு மேல்.

1988இல்தான் மார்க் மெக்டெர்மாட் 76 தொட்டு அதை முறியடித்தார். 2020இல் கிம் காலிசன் 78 தொட்டார். நல்ல காலணி, நல்ல விளக்கு, விளையாட்டு அறிவியல் எல்லாம் வந்த பிறகும் 45 ஆண்டுகளில் கூடியது ஆறே சிகரங்கள்.

இதில் கால் வேகத்தைவிடத் தடம் தேர்வதே பெரிது. வழிக்குறி கிடையாது. ஒரு சரிவில் 50 மீட்டர் தள்ளி இறங்கினாலும் பாறை முகப்பில் மாட்டிக்கொண்டு மறுபடி ஏற நேரும். எந்தப் பிளவில் ஆடு இறங்கும், எந்தப் பச்சைத் திட்டு அடியில் சேறு என்பதெல்லாம் மந்தை ஓட்டியவருக்குத் தெரியும். குறியில்லாத மலையில் வீரர்களே வழி கண்டு ஓடும் 'லேக் டிஸ்ட்ரிக்ட் மௌண்டன் டிரையல்' போட்டியை அவர் 10 முறை வென்றதன் காரணமும் அதுவே. அதே போட்டியில் 1960இல் முதன்முதலாக இறங்கியபோது, வேலைக்குப் போடும் பூட்ஸும் முழங்காலோடு வெட்டிய கால்சட்டையும்தான் அவருடைய உடுப்பு.

கே: முதுகில் அறுவை செய்தவர் என்கிறார்களே, உண்மையா? எனக்கும் முதுகுத்தட்டு விலகல் உண்டு. ஓடலாமா?

உண்மைதான். இளம் வயதிலேயே முழங்கால் குருத்தெலும்பை எடுத்தார்கள். பிறகு முதுகில் இரண்டு தட்டுகளை எடுத்தார்கள். அதற்குப் பிறகே ஓட வந்தார். ஆனால் அவரை வைத்து உங்கள் முதுகை முடிவு செய்யாதீர்கள். உங்கள் எலும்பு மருத்துவர் சொல்வதைக் கேளுங்கள்.

கே: 214 மலைகள் என்பது என்ன கணக்கு?

ஆல்ஃபிரட் வெயின்ரைட் கையாலேயே எழுதி வரைந்த ஏழு லேக் டிஸ்ட்ரிக்ட் வழிகாட்டி நூல்களில் உள்ள மலைகளின் எண்ணிக்கை அது. 1986இல் நெய்லர் தம் 50வது வயதில் அத்தனையையும் 7 நாள் 1 மணி 25 நிமிடத்தில் முடித்தார். தூக்கம், சாப்பாடு, காலுக்குக் கட்டுப் போட்ட நேரம் எல்லாம் சேர்த்தே மலைக்குச் சுமார் 47 நிமிடம். 28 ஆண்டுகள் நின்ற சாதனை. 2014இல் ஸ்டீவ் பர்கின்ஷா அதைக் கடந்தார். 2021இல் சப்ரினா வெர்ஜி என்ற பெண்மணி ஆறு நாளுக்குள் முடித்தார். மறு ஆண்டே ஜான் கெல்லி அதையும் குறைத்தார்.

கே: மலையில் ஏறுவதைச் சமாளிக்க முடிகிறது. இறங்கினால் தொடையும் கால் நகமும் போய்விடுகின்றன. இவர்கள் எப்படி இறங்குகிறார்கள்? (வாசகி, கோத்தகிரி)

பயத்தில் உடல் தானாகப் பின்னால் சாயும். அங்கேதான் தவறு. சாய்ந்தால் எடை குதிகாலுக்குப் போகிறது, முன்பாதத்தின் பிடிப்பு விடுகிறது, ஈரப் புல்லில் கால் வழுக்கி உட்கார்ந்துவிடுவீர்கள். முழங்காலை நீட்டி ஊன்றினால் அதிர்ச்சி முழுதும் மூட்டுக்குப் போகும். உடலைச் சரிவுக்கு ஏற்ப லேசாக முன்னால் கொடுங்கள். முழங்கால் மடங்கியே இருக்கட்டும். காலடிகள் குறுகலாகவும் வேகமாகவும் விழட்டும். கண் காலடியில் இல்லாமல் மூன்று நான்கு தப்படி தள்ளி இருக்க வேண்டும். கைகளை விரித்து வைத்தால் சமநிலை வரும். சரளைச் சரிவில் மட்டும் விதி மாறும்: கல்லை எதிர்க்காமல் குதிகாலை ஊன்றி, கல்லோடு சேர்ந்து வழுக்கி இறங்க வேண்டும். கீழே யாரும் இல்லை என்று பார்த்த பிறகே இறங்குங்கள்.

நகம் கறுப்பது பாதம் காலணிக்குள் முன்னால் நழுவி மோதுவதால். இறங்கும் முன் நின்று, நாடாவைக் கடைசித் துளை வரை ஏற்றிக் கணுக்காலருகே இறுக்குங்கள். விரல் பக்கம் தளர்வாக இருக்கட்டும். தடித்த மெத்தென்ற அடிப்பாகம் பக்கச் சரிவில் கணுக்காலைப் புரட்டும். மெல்லிய அடியும் ஆழமான புடைப்புகளும் உள்ள காலணியே நல்லது.

தொடை வலி வேறு கதை. இறங்கும்போது தசை நீண்டுகொண்டே தாங்குவதால் நுண்ணிய சேதம் ஏற்படுகிறது. ஒன்று முதல் மூன்று நாள் வரை வலி ஏறும். ஆனால் ஒரு முறை பட்ட தசை அடுத்த சில வாரங்களுக்குத் தாங்கிக்கொள்ளும். போட்டிக்கு 10 முதல் 14 நாள் முன்பு ஒரு நல்ல இறக்க ஓட்டம் ஓடிவிடுங்கள். கடைசி வாரத்தில் வேண்டாம்.

ஏற்றத்தில் இவர்களும் செங்குத்தான இடங்களில் நடக்கிறார்கள், உள்ளங்கையால் தொடையை அழுத்தியபடி. அது அவமானம் இல்லை, சிக்கனம்.

கே: அவர் பெயரில் முதியவர்களுக்கு ஓர் ஓட்டம் இருக்கிறதாமே?

எங்கள் கணக்கில் 72 சிகரங்களைவிடப் பெரிய சொத்து இதுதான். 1990இல் அவரே முதலில் ஓடிக் காட்டி, 50 வயது கடந்தவர்களுக்காக மட்டும் வகுத்த தடம். பூலி பிரிட்ஜில் தொடங்கி வாஸ்டேலின் கிரீன்டேல் பாலத்தில் முடியும். 48 மைல், 30 சிகரங்கள். அவர் வகுத்த கால எல்லை: 50 முதல் 54 வயதுக்கு 12 மணி, 55 முதல் 59க்கு 14, 60 முதல் 64க்கு 18, 65க்கு மேல் 24. ஒவ்வொரு உச்சியிலும் சாட்சியாக ஒருவர் உடன் இருக்க வேண்டும்.

பலர் தடுமாறுவது இரண்டாம் பாதியில். கிர்க்ஸ்டோன், டன்மெயில் ரெய்ஸ் என்ற இரண்டு கணவாய்களிலும் சாலை குறுக்கிடுகிறது. வண்டியில் சாப்பாடு கொண்டு வரலாம். டன்மெயில் தாண்டினால் பாலம் வரை சாலையே கிடையாது. இடையில் ஸ்டை ஹெட் கணவாயில் உணவு வேண்டுமென்றால் யாராவது தூக்கிக்கொண்டு நடந்து ஏற வேண்டும். அதற்குப் பிறகும் கிரேட் கேபிள், கிர்க் ஃபெல், பில்லர் என்று வரிசையாகப் பெரிய ஏற்றங்கள் காத்திருக்கின்றன. வரைபடம், திசைகாட்டி, விசில், நீர் புகாத மேல்சட்டையும் கால்சட்டையும், தொப்பி, கையுறை ஆகியவை கோடையிலும் பையில் இருக்க வேண்டும். நனைந்த உடலில் காற்று பட்டால், குளிர்காலம் இல்லாவிட்டாலும் உடல் வெப்பம் இறங்கி மூளை மந்தமாகும். வழி தவறுவது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான்.

முடித்தவர் அறப்பணிக்குக் குறைந்தது 100 பவுண்டு திரட்டினால் பியூட்டர் உலோகக் குவளை ஒன்று பரிசு.

கே: கிலியன் ஜோர்னெட் பெரியவரா, நெய்லரா?

1982இல் பில்லி பிளாண்ட் 13 மணி 53 நிமிடத்தில் ஓடிய பாப் கிரஹாமின் 42 சிகரச் சுற்றை, 2018இல் ஸ்பெயின் நாட்டு மலை ஓட்ட வீரர் ஜோர்னெட் 12 மணி 52 நிமிடத்தில் முடித்தார். வேகம் என்றால் அவர்தான். ஆனால் நெய்லர் 70 வயதில் 70 சிகரங்களை ஒரு நாளுக்குள் தொட்டவர். ஜோர்னெட் பிறந்தது 1987இல். 2057 வரை பொறுங்கள், பதில் சொல்கிறோம்.