ஹோமில் விட்ட மகனைத் திரும்பக் கூட்டி வரலாமா?

அன்புள்ள மேடத்துக்கு வணக்கம்.

எனக்கு 64 வயது. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் சொந்த வீடு. கணவர் அரசுப் பள்ளி ஆசிரியராக இருந்து காலமானவர். அவருடைய குடும்ப ஓய்வூதியம் வருகிறது. மூத்தவன் சென்னையில் வேலையில் இருக்கிறான். இளையவனுக்கு 33 வயது, டவுன் சிண்ட்ரோம் என்ற பிறவி மனவளர்ச்சிக் குறைபாடு. பிறந்தபோதே டாக்டர், "இருபது வயசு தாண்டறது கஷ்டம்மா" என்று சொல்லிவிட்டார். நான் தாண்ட வைத்தேன். குளிப்பாட்டுவது, சோறு பிசைந்து ஊட்டுவது, ராத்திரி பக்கத்தில் படுக்கவைத்துத் தட்டிக்கொடுப்பது எல்லாமே நான்தான். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை.

போன ஆடியில் பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷன் முடிந்து நான் படுத்த படுக்கையாய்க் கிடந்தபோது, மூத்தவனும் மருமகளும் அவனைப் புதுச்சேரியில் தவளக்குப்பம் பக்கம் ஒரு ஹோமில் சேர்த்துவிட்டார்கள். "உங்களுக்குச் சரியாகிற வரைக்கும்தான்" என்றார்கள். இப்போது தடி இல்லாமலே நடக்கிறேன். கூட்டிக்கொண்டு வா என்றால் "பார்க்கலாம்மா" என்கிறான். அவன் வருவதே சனி, ஞாயிறு மட்டும்தான். வந்தாலும் போனில்தான் கண்.

அந்த ஹோமில் முடியை ஒட்ட வெட்டிவிட்டார்கள். எண்ணெய் தேய்த்துத் தேய்த்து நான் வளர்த்த முடி! பிள்ளை இளைத்து, சட்டை தொளதொளவென்று தொங்குகிறது. மத்தியானத்துக்கு ரசமும் ஒரு பொரியலும் மோரும்தான். கருவாட்டுக் குழம்பு இல்லாமல் சோற்றைத் தொடாதவன் அவன். காகிதக் கவர் ஒட்ட வைக்கிறார்களாம். அவன் என்ன வேலைக்காரனா? தன் தட்டைத் தானே கழுவுகிறான். வீட்டில் தண்ணீர் குடித்த டம்ளரைக்கூட எடுத்து வைத்ததில்லை.

நாத்தனார் ஒரு கல்யாண வீட்டில் எல்லார் முன்னாலும், "பெத்தவளே ஹோம்ல தள்ளிட்டா" என்று சொன்னாள். வைகாசியில் பாடலீஸ்வரர் தேருக்கு வடம் பிடிக்க அவன் வராவிட்டால் தெருவே கேட்கும். மருமகளோ, "அத்தை, உங்களுக்கு அப்புறம் அவரு எங்க இருப்பாருன்னு இப்பவே யோசிக்கணும் இல்ல?" என்கிறாள். நான் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கும்போதே என் சாவைப் பேசுகிறாள்.

மாதத்தில் ஒரு ஞாயிறுதான் பார்க்க விடுகிறார்கள். போன தடவை தூக்குவாளியில் குழம்பு எடுத்துக்கொண்டு பஸ் ஏறிப் போனேன். பக்கத்தில் உட்காரவைத்துக் கையைப் பிடித்துப் பேசிக்கொண்டே இருந்தேன். சாப்பாட்டு மணி அடித்ததும் கையை விட்டுவிட்டு ஓடிப்போய் வரிசையில் நின்றுகொண்டான். யாரோ ஒரு பையன் அவனுக்குப் பக்கத்தில் இடம் பிடித்து வைத்திருந்தான் போலிருக்கிறது. அது கிடக்கட்டும். வெளிக்குழம்பை உள்ளே விட மாட்டோம் என்று அந்த வார்டன் சொன்னது எந்த ஊர் நியாயம்?

தனி ஆளுக்கு உலை வைக்கவே பிடிக்கவில்லை. முடியை வேறு அப்படி வெட்டிவிட்டார்கள். பொங்கலுக்கு முன்னால் கூட்டி வந்துவிடலாமா? சட்டப்படி பெற்ற தாய்க்கு உரிமை இல்லையா?

இப்படிக்கு,
ஒரு தாய், கடலூர்

ஆலோசகர் பதில்:

அம்மா, வணக்கம்.

முடியைப் பற்றி இரண்டு தடவை எழுதியிருக்கிறீர்கள். மணி அடித்ததும் மகன் கையை விட்டுவிட்டு ஓடியதை எழுதிய கையோடு "அது கிடக்கட்டும்" என்று தள்ளிவிட்டீர்கள். உங்களைத் தூங்கவிடாமல் செய்வது முடியும் இல்லை, குழம்பும் இல்லை, அந்தச் சாப்பாட்டு மணிதான் என்று நினைக்கிறேன். அங்கே பிள்ளை அழுதுகொண்டு உங்கள் முந்தானையைப் பிடித்திருந்தால், இந்தக் கடிதத்தையே எழுதியிருக்க மாட்டீர்கள். அன்று சாயங்காலமே ஆட்டோ பிடித்துக் கூட்டி வந்திருப்பீர்கள். அவன் அழவில்லை. அதுதான் உங்களுக்கு வலிக்கிறது. பெற்ற மனதுக்கு வலிக்கத்தான் செய்யும், அதைக் குறையாகச் சொல்லவில்லை.

ஆனால் அன்று நடந்ததை அவன் பக்கத்திலிருந்து கொஞ்சம் பாருங்கள். 33 வருஷத்தில் அவனுக்கென்று பக்கத்தில் இடம் பிடித்து வைத்தவர் உங்களைத் தவிர வேறு யாராவது உண்டா? தெருவில் அவனை "டீச்சர் வீட்டுப் புள்ள" என்று அன்பாகக் கூப்பிட்டிருப்பார்கள், தேரன்று வடத்தில் கை வைக்க விட்டிருப்பார்கள். கூட்டாளி என்று ஒருவன் இருந்தானா? கடிதத்தில் அப்படி யாருமே இல்லை. இப்போது ஒருவன் இருக்கிறான், அவனுடைய பெயரைக்கூட நீங்கள் கேட்டுக்கொண்டு வரவில்லை. அடுத்த முறை முதல் வேலையாக அதைக் கேளுங்கள்.

தட்டு கழுவுவதையும் கவர் ஒட்டுவதையும் அவமானமாகப் பார்க்கிறீர்கள். நான் உங்கள் கட்சியில் இல்லை. தம்ளரை எடுத்து வைக்கத் தெரியாதவனாக அவன் பிறக்கவில்லை. நீங்கள் முந்திக்கொண்டு எடுத்ததால் அவன் எடுக்கவில்லை, அவ்வளவுதான். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்கள் கற்றுக்கொள்ளக் கூடுதல் காலம் பிடிக்கும், திரும்பத் திரும்பக் காட்ட வேண்டியிருக்கும். ஆனால் கற்றுக்கொள்வார்கள். உங்கள் பிள்ளை சில மாதத்தில் தட்டு கழுவப் பழகியிருக்கிறான் என்றால், யாரோ பொறுமையாகப் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

இருபது தாண்டாது என்று டாக்டர் சொன்னது அந்தக் காலத்துக் கணக்கு. 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவிலேயே இவர்களுடைய சராசரி ஆயுள் 25 வயதுதான். இதய அறுவை சிகிச்சையும் நல்ல கவனிப்பும் வந்தபிறகு இன்று அங்கே 60 வயதை ஒட்டி வந்துவிட்டது. பிள்ளை உங்கள் காலத்துக்குள்ளேயே போய்விடுவான் என்ற கணக்கில்தான் நீங்கள் ஒவ்வொரு நாளையும் ஓட்டியிருக்கிறீர்கள். அதனால்தான் "எனக்கு அப்புறம்" என்ற பேச்சே உங்கள் வீட்டில் எழவில்லை. எழுப்பியவர் மருமகள். அவர் உங்கள் சாவைப் பேசவில்லை அம்மா, உங்கள் மகனின் ஆயுளைப் பேசுகிறார். அந்தக் கல்யாண வீட்டில் வாய் கிழியப் பேசிய நாத்தனார் ஒரு ராத்திரியாவது அவனைத் தன் வீட்டில் படுக்க வைத்துக்கொண்டிருக்கிறாரா?

இப்போது கூட்டி வந்து, உங்கள் 74-ஆவது வயதில் இன்னொரு முறை விழுந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். அம்மா, வீடு, தெரு, படுக்கை, குழம்பு என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் இழந்து, 43 வயதில் முன்பின் தெரியாத ஒரு கட்டடத்துக்குள் போவான். நாற்பதைத் தாண்டினால் இவர்களுக்கு மறதி நோய் சீக்கிரமே வரும் வாய்ப்பும் அதிகம். அப்போது புது இடம், புது முகம் பழகுவது இன்னும் சிரமம். அம்மா ஞாயிற்றுக்கிழமை குழம்போடு வருவாள் என்ற தைரியம் இருக்கும்போதே பழகுவது எவ்வளவோ மேல். கையை விட்டு ஓடியவன் உங்களை மறந்து ஓடவில்லை. சாப்பிட்டுவிட்டு வந்தால் அம்மா அங்கேயேதான் இருப்பாள் என்று தெரிந்து ஓடினான்.

"ஹோம்" என்றாலே பயப்படுவதை நான் தப்பு சொல்ல மாட்டேன். 2001-ல் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் சங்கிலியால் கட்டிவைக்கப்பட்டிருந்த 28 பேர் தீயில் கருகிய செய்தி இன்னும் நம் எல்லாருக்கும் நினைவிருக்கிறது. அவர்கள் மனநோயாளிகள், உங்கள் மகனின் நிலை வேறு. ஆனாலும் பூட்டிய கதவைப் பார்த்தால் சந்தேகப்படத்தான் வேண்டும். அதனால் முடிக்காகப் போடும் சண்டையை வேறு விஷயத்துக்குப் போடுங்கள். மாதம் ஒரு ஞாயிறு மட்டும் பார்க்க விடுவது எனக்கும் பிடிக்கவில்லை. வார நாளில், சொல்லாமல் போய் நிற்க அனுமதி கேளுங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-ன்படி பதிவு பெற்ற இல்லமா என்று கேளுங்கள். கழிப்பறையைப் பாருங்கள். ராத்திரி டியூட்டிக்கு யார் இருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். எடை குறைந்தது நல்லதாகவே இருக்கலாம், இவர்கள் பலருக்கும் உடம்பு போடுவதுதான் தொல்லை. ஆனால் தைராய்டு கோளாறும் இவர்களுக்குச் சகஜம் என்பதால், எடைக் குறிப்பையும் ரத்தப் பரிசோதனையையும் கேட்டுப் பாருங்கள். இதற்கெல்லாம் முகம் சுளிக்கிற இடம் என்றால் மாற்றிவிடுங்கள், நானே சொல்கிறேன். வேறு இல்லத்துக்கு மாற்றுவது வேறு, வீட்டுக்கே திரும்பக் கொண்டுவருவது வேறு.

தாயின் உரிமை என்று கேட்டிருக்கிறீர்கள். 18 வயது தாண்டிய பிள்ளைக்குப் பெற்றவர்கள் தானாகவே சட்டப்பூர்வப் பாதுகாவலர் ஆகிவிடுவதில்லை. தேசிய அறக்கட்டளைச் சட்டம் 1999-ன்படி மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் மனு கொடுத்துப் பெற வேண்டும். கூடவே, உங்களுக்கு வரும் குடும்ப ஓய்வூதியம் உங்களுக்குப் பிறகு, சம்பாதிக்க இயலாத இந்த மகனுக்கு ஆயுள் முழுக்கக் கிடைக்க வழி இருக்கிறது. மருத்துவச் சான்றோடு கணவர் வேலை பார்த்த துறை வழியாக இப்போதே பதிவு செய்துவைப்பது நல்லது.

பொங்கலுக்குத் தாராளமாகக் கூட்டி வாருங்கள். திரும்பப் போகும் தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு முதல் நாளே அவனிடம் காட்டிவிடுங்கள். சாப்பிட்ட தட்டை அவனே கழுவட்டும், குறுக்கே போகாதீர்கள். அவன் போன பிறகு வீடு வெறிச்சென்றுதான் இருக்கும். ஒரு ஆளுக்கானாலும் உலை வையுங்கள். இத்தனை வருஷம் அவன் பசியை வைத்தே உங்கள் பசியை அறிந்திருக்கிறீர்கள், பழக நாளாகும். முடியவே இல்லை என்றால் நேரில் வாருங்கள், பேசலாம்.

மூத்தவர் சனி, ஞாயிறுதான் வருகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். கலெக்டர் ஆபீஸ் அந்த நாளில் திறக்காது. மனு கொடுக்க ஒரு திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு வரச் சொல்லுங்கள், மருமகளையும் கூட்டிக்கொண்டு.