விதைத் தட்டுகளை எங்கே போட்டீர்கள்?

மதிப்பிற்குரிய ஐயா,

நான் அமெரிக்காவில் வசிக்கிறேன். பழைய தோட்ட டிராக்டர்களையும் அவற்றில் மாட்டும் கருவிகளையும் சேகரிப்பது மூன்று ஆண்டுகளாக என் பொழுதுபோக்கு. அண்மையில் ஒரு பண்ணை ஏலத்தில் 1960களின் ஜான் டீர் 110 டிராக்டர், அதன் ஒற்றை ஏர், பின்னால் மாட்டும் ஒருவரிசை மக்காச்சோள விதைப்பான், கையால் தள்ளும் பிளானெட் ஜூனியர் விதைப்பான் ஆகியவற்றை வாங்கினேன். மக்காச்சோள விதைப்பானின் துருவை மணல் பீய்ச்சி நீக்கி, வண்ணம் பூசி, வரவேற்பறையில் நிறுத்திவிட்டேன். அதனுடன் ஒரு தகர டப்பாவில் வந்த துருப்பிடித்த வட்டத் தட்டுகளைப் பழைய இரும்போடு போட்டுவிட்டேன். பிளானெட் ஜூனியருக்கும் வண்ணம் பூசலாமா, பழைய தோற்றத்திலேயே விடலாமா? எது அதன் மதிப்பைக் கூட்டும்? அந்த ஏரை வேறு நிறுவன டிராக்டரில் மாட்ட முடியுமா?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதத்தை மகிழ்ச்சியோடுதான் படிக்கத் தொடங்கினேன். தகர டப்பாவைப் பற்றிய வரி வந்ததும் மேலே படிக்க மனம் வரவில்லை. சென்ற வாரம்தான் என்னிடமிருக்கும் விதைத் தட்டுகளை வெளியே எடுத்து, எண்ணெய் தடவித் துடைத்து, மீண்டும் கம்பியில் கோத்து வைத்தேன். அந்த எண்ணெய் வாசம் கையை விட்டுப் போகும் முன்பே உங்கள் கடிதம் வந்துவிட்டது.

வண்ணம் பூசுவது உங்கள் விருப்பம். விலை மதிப்பை ஏலக்காரரிடம் கேளுங்கள். ஏர் பொருந்துமா என்பதைக் கொக்கியின் அகலத்தையும் துளையின் விட்டத்தையும் அளந்து பார்த்துத்தான் சொல்ல முடியும்.

இனி அந்தத் தட்டுகளுக்கு வருகிறேன். உங்கள் விதைப்பானின் பெட்டிக்கு அடியில் கிடைமட்டமாகச் சுழல்வதற்கென்றே செய்யப்பட்டவை அவை. தட்டின் விளிம்பைச் சுற்றிலும் கண்கள் இருக்கும். ஒவ்வொரு கண்ணிலும் ஒரு விதை அமர வேண்டும். மேலே தேங்கும் விதைகளை ஒரு தடுப்பு வழித்துவிட, கண்ணில் அமர்ந்த விதையை இன்னொரு நாக்கு கீழே தட்டிவிட, கொழு கிழித்த சாலில் அது விழும். தட்டைச் சுழற்றுவது தரையில் உருளும் சக்கரம் என்பதால், டிராக்டர் வேகமாகப் போனாலும் மெதுவாகப் போனாலும் இடைவெளி பெரிதும் மாறுவதில்லை. சக்கரத்தின் சுற்றளவு 160 செ.மீ., சக்கரம் ஒருமுறை சுற்றினால் தட்டும் ஒருமுறை சுற்றுகிறது, தட்டில் 8 கண்கள் என்று வைத்துக்கொண்டால், 20 செ.மீ.க்கு ஒரு விதை. தட்டு இல்லையென்றால் அந்தப் பெட்டியில் நீங்கள் பூச்செடிதான் வளர்க்கலாம்.

இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் சில ஆண்டுகள் இருந்தபோது, உங்களுடையதைப் போன்ற ஒரு விதைப்பானை வாங்கி, அதற்குள் ஏற்கெனவே இருந்த தட்டை மாற்றாமலேயே இனிப்புச் சோளம் விதைத்தேன். முளைத்தபோது பார்த்தால் ஓரிடத்தில் மூன்று நான்கு நாற்றுகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நின்றன. அதற்கப்பால் இரண்டு எட்டு தூரம் வெறும் மண். விதை கெட்டது என்று முடிவுகட்டி, விற்றவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்துப் பண்ணையிலிருந்த முதியவர் வந்து, வரிசையைக்கூடப் பார்க்காமல், விதைப்பெட்டிக்குள் கையை விட்டு அடியைத் தடவி விரலை என்னிடம் நீட்டினார். விரல்நுனியில் வெள்ளையாக மாவு ஒட்டியிருந்தது. கண்ணுக்குள் முழுதாக அடங்காத விதைகளைத் தடுப்பு அரைத்திருக்கிறது. சிறிய விதைகளோ ஒரே கண்ணில் இரண்டு மூன்றாகப் புகுந்திருக்கின்றன.

மறுநாள் தன் கொட்டகையில் கம்பியில் கோத்துத் தொங்கவிட்டிருந்த தட்டுகளை அவர் எடுத்து வந்தார். என் விதையில் ஒரு பிடியை உள்ளங்கையில் கொட்டி, தட்டையானவற்றை ஒரு பக்கமும் உருண்டையானவற்றை இன்னொரு பக்கமும் விரலால் ஒதுக்கினார். ஒரே கதிரில் நுனியிலும் அடியிலும் இருக்கும் மணிகள் உருண்டையாகவும் நடுவில் நெருங்கி விளைபவை தட்டையாகவும் இருக்கும் என்பதையே அன்றுதான் கவனித்தேன். முன்பெல்லாம் மக்காச்சோள விதையைச் சலித்து அளவுவாரியாகப் பிரித்து, எந்த விதைப்பானுக்கு எந்த எண்ணுள்ள தட்டைப் போட வேண்டும் என்பதையும் மூட்டையிலேயே குறித்து விற்றார்கள். 1970களில் தட்டில்லாத விதைப்பான்கள் பரவியபின் அந்த எண்களுக்கு வேலை குறைந்தது. தட்டுகளும் உங்களைப் போன்ற நல்ல பிள்ளைகளின் கையில் அகப்பட்டுக் காயலான் கடைக்குப் போகத் தொடங்கின.

அவர் விதைப்பானைக் கட்டைமேல் தூக்கி நிறுத்தி, அடியில் பழைய போர்வையை விரித்து, சக்கரத்தைப் பத்துச் சுற்று கையால் சுற்றச் சொன்னார். விழுந்தவற்றை எண்ணினோம். எட்டுக் கண் தட்டு என்றால் 80 இருக்க வேண்டும். 77 இருந்தன, ஒன்றுகூட உடையவில்லை. அவர் திருப்தியாகத் தலையாட்டிவிட்டுக் காப்பி கேட்டார்.

பிளானெட் ஜூனியரின் ஏற்பாடு வேறு. பிலடெல்பியாவின் சாமுவேல் லீட்ஸ் ஆலன் முதலில் செய்த கருவி, இரண்டு பாத்திரங்களை வாயோடு வாய் பொருத்தி நடுவில் இரும்புப் பட்டை சுற்றியது. வளையத்தோடு கூடிய சனிக்கோளைப்போல் தெரிந்ததால் அதற்குப் பிளானெட் என்று பெயர். ஜூனியர் அதன் தம்பி. இதில் விதை ஒவ்வொன்றாக எண்ணப்படுவதில்லை; உள்ளே ஒன்று கிளறிக்கொண்டேயிருக்க, தட்டிலுள்ள துளை வழியாக ஒழுகும். முள்ளங்கிக்கு ஒரு துளை, பீட்ரூட்டுக்குப் பெரிய துளை. அதன் தட்டையாவது விட்டுவைத்தீர்களா? கடிதத்தில் சொல்லவில்லை.

மணல் பீய்ச்சியதைப் பற்றியும் ஒரு வார்த்தை கடிந்து சொல்ல வேண்டும். பழைய வண்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும். பழைய விதைப்பெட்டிகளின் மூலைகளில் படிந்த தூளில், ஒரு காலத்தில் விதை நேர்த்திக்கு, அதாவது பூஞ்சை தாக்காமல் விதைமேல் பூசுவதற்குப் பயன்பட்ட பாதரச மருந்தும் இருக்கக்கூடும். அப்படி நேர்த்தி செய்த விதையை ரொட்டியாகச் சுட்டுத் தின்றதால் 1971–72இல் ஈராக்கில் நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். முகக்கவசம் இல்லாமல் அந்தத் தூளைக் கிளப்பியிருந்தால் அது பெருந்தவறு. குழந்தைகள் நடமாடும் வீடென்றால் கருவியை வரவேற்பறையிலிருந்து இன்றே வெளியே கொண்டுபோய், உட்புறத்தை ஈரத்துணியால் துடையுங்கள்.

அடுத்து அந்தப் பழைய இரும்புக் கடைக்குப் போங்கள். டப்பா இன்னும் அங்கே கிடந்தால், சுத்தியலால் தட்டித் துருவை உதிர்க்க வேண்டாம். வார்ப்பிரும்பாக இருந்தால் வெடித்துவிடும். மண்ணெண்ணெயில் இரண்டு நாள் ஊறப்போட்டுக் கம்பித் தூரிகையால் தேயுங்கள். தட்டில் வார்த்திருக்கும் எண்ணும், எத்தனை கண்கள் என்பதும் தெரிந்தவுடன் எனக்கு எழுதுங்கள். என்னிடம் இரட்டையாக இருக்கும் நான்கில் ஒன்று உங்கள் பெட்டிக்குப் பொருந்தினால் அனுப்பிவைக்கிறேன்.